ராய்ஸுக்குத் தைத்த உறை

"வெர்னா, பூட்டுப் போட்டியா?"

ஸ்கட்டர் முனை கேரவன் பார்க்கில் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் இந்தக் கேள்வி வந்துவிடும். அவரவர் மடக்கு நாற்காலியையும் அவரவர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு, கடலைப் பார்த்த புல்தரையில் வட்டமாக வந்து உட்காருவார்கள். வைட்டிங் மீன் கடித்ததா, காற்று நாளைக்கு எந்தப் பக்கம் திரும்பும், யாருக்கு முழங்கால் மாற்ற வேண்டும் என்று பேச்சு ஒரு சுற்று வரும். அது வற்றிப்போகிற நேரம் பார்த்து யாராவது வெர்னா பக்கம் திரும்பி இதைக் கேட்பார்கள். வட்டம் முழுக்கச் சிரிக்கும். வேடிக்கைதான். வேடிக்கை என்று சொல்லிவிட்டால் யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். வெர்னாவும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பவன் ராய்ஸ். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்கப்பா, பாவம்" என்பான்.

விஷயம் இதுதான். போன வருஷம் வரை வெர்னாவுக்கும் அவள் புருஷன் கிளெமுக்கும் வீடு என்று இருந்தது ஒரு கேரவன்தான், காரில் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியேறியவர்கள் அவர்கள். கிளெமுக்கு ஈரலில் கட்டி என்று அடிலெய்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபோது, வண்டியைக் கடலோரத்தில் தங்கள் இடத்திலேயே நிறுத்திவிட்டு வெர்னா கூடப் போனாள். போகுமுன் வண்டியின் மூக்கில் பூட்டைப் போட்டாள். மூக்கு என்றால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கொக்கி. காரின் பின்பக்கத்து இரும்புக் குண்டின் மேல் கவிழ்ந்து உட்காருகிற கிண்ணம் மாதிரி இருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் பூட்டை அடைத்துவிட்டால் எவனும் தன் காரில் மாட்டி இழுத்துப் போக முடியாது. அடைக்காமல் விட்டால், கார் வைத்திருக்கிற எந்தத் திருடனும் ஒரு வீட்டையே படுக்கை, தட்டுமுட்டுச் சாமானோடு இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

கடல் பொங்கினால் வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்குமே என்று, பூட்டின் இரண்டு சாவிகளில் ஒன்றைப் பக்கத்து வண்டி ராய்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ராய்ஸ் வேறு யாரோ அல்ல. கிளெமும் அவனும் நாற்பது வருஷக் கூட்டாளிகள். ஒரே உருக்காலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்து, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள்.

அடுத்த வாரமே வண்டி திருட்டுப் போனது.

"மூக்குல பூட்டே இல்ல, நான் பாத்தேனே" என்றான் ராய்ஸ், போலீஸிடமும் இன்ஷூரன்ஸ்காரனிடமும். "வெர்னா எங்கிட்ட குடுத்தது கதவுச் சாவி. புருஷனுக்கு அப்படி இருக்கும்போது எவளுக்குத்தான் பூட்டு ஞாபகம் இருக்கும்? பாவம்."

அந்தப் பாவம்தான் அவளைத் தீர்த்துக்கட்டியது. திட்டியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம். பரிதாபப்படுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? இன்ஷூரன்ஸ் கையை விரித்தது. பூட்டினேன், சத்தியமாகப் பூட்டினேன் என்று அவள் முதலில் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த வாரம்தான் அவள் அடுப்பை எரியவிட்டு வெளியே போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் வேறு மாடியில் இறங்கி, யாரோ ஒரு கிழவன் கட்டிலருகே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் மறந்தாய் மறந்தாய் என்று சொல்லச் சொல்ல, மறந்துதான் இருப்பேனோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

கிளெம் கடலைப் பார்த்துக்கொண்டே சாக ஆசைப்பட்டவன். வண்டி போய்விட்டதால் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு செத்தான். சாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு வெர்ன். எல்லாரும் மறக்கிறதுதான். நான் உன்ன மன்னிச்சிட்டேன்" என்றான். அவள் அவன் மார்பில் தலை வைத்து அழுதாள். அது ஆறுதலாகவும் இருந்தது, முள்ளாகவும் இருந்தது. தன் பெண்டாட்டிதான் கடலைத் தொலைத்தாள் என்று நம்பிக்கொண்டே அவன் போய்விட்டான். இதை அவளால் ஒருநாளும் செரிக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்தபின் ஒரு பழைய சின்ன கேரவனை வாங்கிக்கொண்டு அதே பார்க்குக்கே திரும்பி வந்தாள். வேறு போக்கிடம் இல்லை. பிழைப்புக்குத் தையல் மெஷின் இருந்தது. கூடாரத் துணி தைக்கும் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். அந்தக் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். முதலில் தின்பது வண்டியின் மூக்கைத்தான். சிலர் அதன்மேல் பக்கெட்டைக் கவிழ்ப்பார்கள், சிலர் ஐஸ்கிரீம் டப்பாவை, ஒருவர் தன் கால்பந்து அணியின் குல்லாயை. வெர்னா கனத்த ரெக்ஸினில் அளவெடுத்து உறை தைத்துக் கொடுத்தாள். மேலே மழை இறங்கக் கூடாது, கீழே திறந்திருந்து ஈரம் வெளியேற வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கிற வித்தை. பார்க்கில் பாதி மூக்குகள் அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றன.

வசந்தம் தொடங்கியதும் ராய்ஸும் வந்தான்.

"எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு வெர்ன். அளவு நானே எடுத்துத் தரேன், நீ சிரமப்படாத."

"எனக்கென்ன சிரமம்? டேப்ப வச்சா ஒரு நிமிஷம்."

"வேணாம் வேணாம். நானே தரேன்."

மற்றவர்கள் எல்லாம் டேப்பைப் பிடிக்கக்கூடச் சோம்பல்பட்டு அவளையே கூப்பிடுவார்கள். இவன் மூக்கோ தார்ப்பாயில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, பிணம் மாதிரி கிடந்தது. அவன் ஒரு துண்டுச் சீட்டில் கொடுத்த அளவு ஒரு டிராக்டருக்குக்கூடப் பெரிதாக இருக்கும். சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று, ராய்ஸும் அவன் மனைவி லொரெய்னும் படகில் மீன்பிடிக்கப் போன ஒரு காலையில் வெர்னா டேப்போடு போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு பூட்டு இருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்த பூட்டு. அந்த மாதிரிப் பூட்டு இப்போது கடையில் வருவதில்லை. அதன் இடது விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. கூடார முளை அடிக்கிற சுத்தியல் தவறி விழுந்து அந்த நசுங்கல் விழுந்த அன்று கிளெம் சொன்ன கெட்ட வார்த்தைகூட அவளுக்கு நினைவிருந்தது.

மற்ற சாவியை அவள் தூக்கிப் போட்டிருக்கவில்லை. பூட்டு இல்லாத சாவியை ஒரு வருஷமாக வளையத்தில் மாட்டிக்கொண்டு அலைந்ததற்கு வீம்பைத் தவிர வேறு காரணம் இல்லை. அதை எடுத்து நுழைத்தாள். திருப்பினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பியது.

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தோஷம். நான் மறக்கவில்லை. எனக்குப் புத்தி கெடவில்லை. பூட்டினேன், பூட்டினேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. வண்டி போன அந்த வாரம் பக்கத்து ஊர்களில் வண்டிகள் திருட்டுப் போய்க்கொண்டிருந்தன. ராய்ஸின் பூட்டு அதற்கு முன்பே உடைந்து கிடந்தது. அவள் கொடுத்த சாவியால் அவள் பூட்டைக் கழற்றித் தன் மூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறான். திருடன் வந்து, பூட்டியிருந்த வண்டியை விட்டுவிட்டு, திறந்திருந்த வண்டியை இழுத்துப் போயிருக்கிறான். அந்தத் திருட்டுப் பூட்டைப் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு சாயங்காலமும் "பாவம்" என்கிறான்.

அப்போதே கத்திக் கூட்டத்தைக் கூட்டியிருக்கலாம். ஆனால் ராய்ஸ் என்ன சொல்வான் என்பது அவளுக்கு மனப்பாடம். "அவளே குடுத்துட்டு மறந்துட்டா, பாவம்" என்பான். அவன் பாவம் என்றால் பார்க் முழுக்கத் தலையாட்டும். ஆகவே உண்மை அவன் வாயிலிருந்தே வர வேண்டும். எல்லார் முன்னாலும் வர வேண்டும். அதைக் கேட்காமல் சாகப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, பூட்டைத் திரும்பப் பூட்டி, தார்ப்பாயை அதே முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு வந்தாள்.

பிறகு உறை தைக்க உட்கார்ந்தாள்.

அவள் வாழ்நாளில் அவ்வளவு நல்ல உறையைத் தைத்ததில்லை. வெளியே கடற்படை நீல நிற ரெக்ஸின், இரட்டைத் தையல், ஓரத்தில் வெள்ளைக் கரை. கீழே திறப்பு கிடையாது. சுருக்குக் கயிறு வைத்துக் கழுத்துவரை இறுக்கிக் கட்டுகிற மாதிரி மூடிவிட்டாள். உள்ளே மெத்தென்று ஒரு துணி கொடுத்தாள். அது கிளெமின் குளிர்கால ஃபிளானல் பைஜாமா. அதைக் கடலில் முக்கி வெயிலில் காயப்போட்டு, திரும்ப முக்கித் திரும்பக் காயப்போட்டு, தொட்டால் உப்பு நறநறவென்று உதிர்கிற மாதிரி செய்தபின்தான் உள்ளே வைத்துத் தைத்தாள். உப்பு ஏறிய துணி காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்போடு ஒட்டிக்கொண்டு, வெளியேற வழியில்லாமல், வெயில் காலம் முழுக்க அதே வேலையாக இருக்கும்.

"யம்மா, என்ன வேலைப்பாடு" என்றாள் லொரெய்ன். "இத மூக்குக்குப் போடறதா, நான் கையில மாட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போறதா?"

ராய்ஸ் சுருக்குக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். "இதுக்குள்ள காத்துகூடப் போகாது போலிருக்கே."

"போகாது" என்றாள் வெர்னா. "போனது வெளியவும் வராது. அடிக்கடி திறந்து பாக்காத. அப்படியே விட்டுடு."

கடைசி வார்த்தை அவனுக்குத் தேன் மாதிரி இருந்திருக்க வேண்டும். அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் போய் முகம் கழுவினாள்.

அந்தப் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஆண்கள் சர்ச்சுக்குப் போகிறார்களோ இல்லையோ, மூக்குக்கு எண்ணெய் போடுவார்கள். உறையைக் கழற்றி, ஆட்டுரோமக் கொழுப்பில் செய்த ஸ்ப்ரேயை அடித்து, துணியால் துடைத்து, பக்கத்து வண்டி மூக்கையும் எட்டிப் பார்த்துக் குறை சொல்லி, ஒரு காலை நேரத்தையே ஓட்டிவிடுவார்கள். ராய்ஸ் மட்டும் வர மாட்டான். உறையைக் கழற்றினால் பூட்டு தெரியும். கறுப்புப் பெயிண்டை நம்பி நாலு பேர் பக்கத்தில் அதைக் காட்ட அவனுக்குத் தைரியம் இல்லை. புதுப் பூட்டு வாங்கி மாற்றியிருக்கலாம். பேசுவதற்கு வெளிச்சம் எதற்கென்று விளக்கை அணைக்கிற கஞ்சன் அவன், மாற்றவில்லை. ஆகவே தன் பொய்க்கு எண்ணெய் போட வழியில்லாமல், மீன்பிடிக்கப் போகிறேன் என்று ஞாயிறுதோறும் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

வெர்னாவுக்கு இதைப் பார்க்கப் பார்க்கத் தித்தித்தது. வேறு சொல் இல்லை, தித்தித்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி வருகிற காலைகளில் டீக் கோப்பையோடு படியில் உட்கார்ந்து, அந்த நீல உறைமேல் துளித்துளியாக ஈரம் நிற்பதைப் பார்ப்பாள். மற்றவர்கள் ஈரம் ஈரம் என்று சலித்துக்கொள்கிற காலை அவளுக்குப் பண்டிகை. உள்ளே பைஜாமா ஊறிக்கொண்டிருக்கிறது. வேலை செய், கிளெம், வேலை செய் என்று மனதுக்குள் சொல்வாள்.

கோடை நடுவில் ஒருமுறை லொரெய்ன் ஐந்து மணிக் கூட்டத்தில் வாயைத் திறந்தாள். "எல்லாரும் எண்ணெய் போடறாங்க, நீ ஒரு தடவ திறந்து பாக்கக் கூடாதா ராய்ஸ்?"

ராய்ஸ் முகம் சிவந்தது. "தைச்சவளே திறக்காதன்னு சொல்லியிருக்கா. உனக்கு அவளவிட நல்லாத் தெரியுமா?"

"அவ சொல்றத நம்பறியாடா?" என்றார் மெர்வ். அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. வருஷா வருஷம் வடக்கே போகும் வரிசைக்கு வழிகாட்டி. "வெர்னா, உறை தைச்சியே, உள்ள மூக்க வைக்க மறந்துடலையே?"

வட்டம் சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள், அன்றைக்கு முதல்முறையாக உண்மையாகவே.

ஈஸ்டர் முடிந்தது. அந்தத் தெற்குக் கடலோரத்தில் ஈஸ்டருக்குப் பிறகுதான் குளிர் இறங்கும். இறங்க ஆரம்பித்தால் அந்தக் கூட்டம் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெயிலைத் தேடி வடக்கே போகும். ஏழு வண்டிகள். முதலில் மெர்வ். கடைசியில் ராய்ஸ். கடைசி வண்டி என்றால் கௌரவம். முன்னால் போகிற அத்தனை பேர் சக்கரத்தையும் விளக்கையும் பார்த்துக்கொண்டு வருகிறவன் அவன், நம்பிக்கையான ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். நம்பிக்கை இல்லாத ஆளை நடுவில் போடுவார்கள். வெர்னாவை நடுவில் போட்டிருந்தார்கள்.

கிளம்புகிற காலையில் வெர்னா எல்லாருக்கும் முன்னால் தன் வண்டியை மாட்டிவிட்டு, நாற்காலியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு காராகப் பின்னுக்கு வந்து ஒவ்வொரு மூக்காகக் குண்டில் உட்கார்ந்தது. இஞ்சின்கள் ஓட ஆரம்பித்தன. ராய்ஸ் மட்டும் தன் வண்டியின் முன்னால் மண்டி போட்டுக் கிடந்தான்.

"ராய்ஸ், என்ன பண்ற? எல்லாரும் காத்திட்டிருக்காங்க" என்று லொரெய்ன் காருக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"ரெண்டு நிமிஷம்."

மெர்வ் இறங்கி வந்தார். "டேய், என் மூத்திரப்பை போர்ட் அகஸ்டா வரைக்கும்தான் தாங்கும். அத இங்கயே செலவு பண்ண வச்சிடாத. என்ன ஆச்சு?"

"பூட்டு இறுகிக்கிச்சு."

"உங்கிட்ட பூட்டு இருக்கா? எனக்கே தெரியாதே."

அதற்குள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். வண்டி மாட்டுகிற இடத்தில் ஒருவனுக்குச் சிக்கல் என்றால் மற்றவர்களால் சும்மா நிற்க முடியாது. ஒருவர் ஸ்ப்ரே கொண்டுவந்தார், ஒருவர் சுத்தியல், ஒருவர் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றினார். பாதி விலக்கிய உறைக்குள்ளிருந்து வழிந்தது துருத் தண்ணீர். கிண்ணமும் பூட்டும் ஒன்றாக வெந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ராய்ஸ் சாவியை நுழைத்துப் பல்லைக் கடித்துத் திருப்பினான். சாவி முறுக்கிக்கொண்டு, டக்கென்று உடைந்து, தலை மட்டும் அவன் கையில் வந்தது.

"போச்சு" என்றார் மெர்வ். இடுக்கியை எடுத்து உள்ளே நின்ற துண்டைப் பிடுங்கிப் போட்டார். "இந்த மாதிரிப் பூட்டுக்கு ரெண்டு சாவி வருமே. இன்னொண்ணு எங்கடா?"

ராய்ஸ் அப்போது தலையை வண்டிக்கு அடியில் விட்டு, கண்ணில் துரு விழ, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு வெர்னாகிட்ட இருக்கு" என்றான்.

சுத்தியல் பிடித்தவர் அப்படியே நின்றார். ஒருவர் கையிலிருந்த ஸ்ப்ரேயைக் கீழே வைத்தார். வண்டிக்கு அடியில் ராய்ஸின் முதுகு அசையாமல் போயிற்று. என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்த நேரம் அது. அவன் மெல்ல வெளியே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

வெர்னா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். ஏழு மாதமாக இந்தப் பத்தடி தூரத்தை மனதுக்குள் நடந்து நடந்து பார்த்தவள் அவள்.

"எங்கிட்டயா?" என்றாள். "எங்கிட்ட ஏது ராய்ஸ் சாவி? எங்கிட்ட பூட்டே கிடையாதே. போலீஸ்கிட்ட நீதான சொன்ன. நான்தான் பூட்ட மறந்தவளாச்சே."

மெர்வ் குனிந்து கட்டைவிரல் நகத்தால் பூட்டைச் சுரண்டினார். துருவோடு கறுப்புப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் ஆரஞ்சு நிறம். கிளெம் தன்னிடமிருந்த எல்லாச் சாமானுக்கும் ஆரஞ்சு அடிப்பான், முளையிலிருந்து மண்வெட்டிப் பிடிவரை, இருட்டில் தடுக்கி விழக் கூடாதென்று. அந்த ஆரஞ்சு பார்க்கில் எல்லாருக்கும் தெரியும்.

"இது கிளெமோடது" என்றார் மெர்வ்.

"ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் எடுத்தேன்" என்றான் ராய்ஸ். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. "மறுநாள் திருப்பிப் போட்டுடலாம்னுதான். அன்னிக்கே வந்துட்டானுங்க. நான் என்ன பண்றது?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் வெர்னா. "எடுத்தது நான்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இப்ப சொல்லு. அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"பூட்ட எடுத்தது நான்தான்."

"நான் மறந்தேனா?"

"மறக்கல."

"முழுசா."

"வெர்னா மறக்கல" என்றான் ராய்ஸ். "பூட்டித்தான் இருந்தா."

லொரெய்ன் காரிலிருந்து இறங்கினாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பின்சீட்டிலிருந்த தன் நாயை இறக்கி, வாரைப் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துபோனாள். இத்தனை நாள் சிரித்தவர்கள் வெர்னாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவரையும் விடவில்லை. அவளுக்கு வெட்கமாக இல்லை, இரக்கமும் வரவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் நெஞ்சு நிறைய மூச்சு இறங்கியது.

"கட்டிங் மெஷின் போட்டாத்தான் வரும்" என்றார் மெர்வ். "பூட்டோட சேர்ந்து மூக்கும் போயிடும். புது மூக்கு வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும் ராய்ஸ். நாங்க கிளம்பறோம்." பிறகு திரும்பாமலே, "வெர்னா, கடைசி வண்டி நீ. பாத்துட்டு வா" என்றார்.

அவர் மெஷினைப் போட்டார். இரும்பு அலற ஆரம்பித்தது. பொறி பறக்கவே எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். வெர்னா மட்டும் போகவில்லை. கடைசித் துண்டு விழுகிறவரை பார்க்க வேண்டும் அவளுக்கு. ராய்ஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அழுதிருந்தான். அந்த அலறலில் வேறு யாருக்கும் கேட்காது என்று தெரிந்து, அவள் காதருகே வாயை வைத்துப் பேசினான்.

"என்ன மட்டும் குத்தம் சொல்லாத வெர்ன். கிளெமுக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரிக்கு அவனப் பாக்க வந்தேனே, நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. அப்ப எல்லாத்தையும் சொல்லிட்டேன். கட்டிலப் பிடிச்சுட்டு அழுதேன். உங்கிட்ட சொல்லிடறேன்னும் சொன்னேன், சத்தியமா. அவன்தான் வேணாம்னான். 'வெர்னாவுக்குத் தெரிஞ்சா உன்ன பார்க்ல தலகாட்ட விடமாட்டா. நாப்பது வருஷம்டா, விடு. அவள நான் பாத்துக்கறேன்'னான்."

அன்றைக்கு ராய்ஸ் திராட்சை வாங்கி வந்திருந்தான். அவன் போனபின் கிளெம் அந்தத் திராட்சையை ஒவ்வொன்றாகத் தின்றான். தின்று முடித்துத்தான் அவள் கையைப் பிடித்தான். எல்லாரும் மறக்கிறதுதான், நான் உன்ன மன்னிச்சிட்டேன் என்றான். கூட்டாளியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, அதே நாக்கால், அவள் செய்யாத தப்பை அவளுக்கு மன்னித்தான். அவளும் நன்றியோடு அழுதாள்.

பூட்டு இரண்டாகப் பிளந்து புல்லில் விழுந்தது. மெர்வ் மெஷினை நிறுத்தினார். கூட்டம் மெல்லத் திரும்பி வந்தது. யாரோ அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். வெர்னா போய் நாற்காலியை மடக்கி வண்டியில் போட்டாள்.

ஆறு வண்டிகள் கிளம்பின. இருபுறமும் கோதுமை அறுத்த கட்டாந்தரை, நேரான சாலை. முன்னால் ஐந்து வண்டிகளின் முதுகும் அவளுக்குத் தெரிந்தது. ராய்ஸை அவள் ஏற்கெனவே மறக்க ஆரம்பித்திருந்தாள். அவன் கணக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் செத்தவனை என்ன செய்வது? அவன் சோற்றில் உப்பை அள்ளிப் போட முடியாது. நாலு பேர் முன்னால் மண்டி போட வைக்க முடியாது.

வரிசையில் எல்லாருக்கும் கேட்கிற வண்டி ரேடியோ கரகரத்தது. மெர்வின் குரல். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் பேசியிருக்க வேண்டும்.

"வெர்னா, கேக்குதா? நாங்க எல்லாரும் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறோம். கிளெம் மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான். அவன் மாதிரி ஒரு நல்ல மனுஷன் கிடையாது."

வெர்னா மைக்கை எடுத்தாள். ஐந்து வண்டிகளிலும் அவனைத் தெரிந்தவர்கள், அவனைத் தோளில் தூக்கிப் போனவர்கள், அவன் பெயரைச் சொல்லிப் பாட்டிலை உயர்த்துகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"அவனுக்குத் தெரியும் மெர்வ்" என்றாள். "ராய்ஸ்தான் எடுத்தான்னு சாகறதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் என்ன மன்னிச்சான்."

அதற்கப்புறம் போர்ட் அகஸ்டா வரை ரேடியோவில் யாரும் பேசவில்லை.